பெயரில் நாலு, காலில் ஆறு

ரயில்வே கேட்டில் காத்திருக்காத தஞ்சாவூர் ஜில்லாக்காரர் யாராவது உண்டா? இருந்தால் அவர் வீட்டை விட்டு வெளியே கிளம்பாதவராகத்தான் இருக்க வேண்டும்.

ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், தஞ்சாவூரிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் நானும் அப்படி ஒரு கேட்டில் மாட்டிக் கொண்டேன். தூறல் விழுந்துகொண்டிருந்தது. முன்னால் நெல் மூட்டை ஏற்றிப் படுதா போட்டு மூடிய லாரிகள் நாலைந்து. டிரைவர் என்ஜினை நிறுத்திவிட்டு பீடி பற்ற வைத்தார். அதாவது, இப்போதைக்கு விமோசனம் இல்லை என்று அர்த்தம்.

கூட்ஸ் வண்டி ஒன்று ஆமை நகர்வதுபோல் வந்தது. காலி வாகன்கள். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே குரலில் சலித்துக் கொண்டார்கள். எனக்கு முன் ஸீட்டில் இருந்த ஒரு பாட்டியம்மாள் மட்டும் கைகூப்பாத குறையாக, "அப்பாடி, வண்டி வந்துடுச்சு!" என்றாள். அந்த அம்மாளின் மடியில் இருந்த பேரப் பிள்ளை ஜன்னலில் மூக்கை அழுத்திக்கொண்டு சக்கரங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

"பாட்டி, பெட்டிக்கெல்லாம் நாலு சக்கரந்தான் இருக்கு. இஞ்சினுக்கு மட்டும் ஏன் ஆறு?"

"இஞ்சின் கனம் ஜாஸ்தி இல்லியா? அதான்."

சகோதரிகளே, என்ஜின் பேச்சு ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். பெரிய பெரிய கம்பெனிகள் கோடிக்கணக்கில் பணம் போட்டு, இரண்டு கண்டங்களில் இருந்துகொண்டு மண்டையை உடைத்துக்கொண்ட விஷயத்தைத்தான் அந்தப் பாட்டி மூன்றே வார்த்தையில் சொன்னாள். உங்கள் வீட்டு உலையில் கொதிக்கிற அரிசிக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது. எப்படி என்று கேளுங்கள்.

பிள்ளை ஒரு பக்கச் சக்கரங்களை மட்டுமே எண்ணினான். எதிர்ப்பக்கத்திலும் அத்தனை உண்டு. எதிரெதிர் இரண்டு சக்கரங்களை இணைக்கிற இரும்புத் தண்டுக்கு நம் ஊர் வண்டிக்காரர்கள் வைத்த பெயர் இருசு. மாட்டு வண்டிக்கு ஒரு இருசு. அன்றைக்கு நான் பார்த்த வாகனுக்கு நாலு, என்ஜினுக்கு ஆறு.

வண்டியில் நெல் ஏற்றிக் களத்திலிருந்து கிளம்பும்போது என்ன நடக்கும்? மேட்டு நிலமாயிருந்தால் பதினைந்து மூட்டைகூட ஏற்றலாம். சேற்று வரப்பாயிருந்தால் அதே வண்டி எட்டு மூட்டையிலேயே இருசு மட்டும் இறங்கிவிடும். மாடு பலமாய்த்தான் இருக்கிறது, வண்டியும் உறுதியாய்த்தான் இருக்கிறது, தரை தாங்கவில்லை. ரயிலுக்கும் இதேதான் கதை. ஒரு தண்டவாளம், அதன் கீழே இருக்கிற கட்டை, ஜல்லி, மண், நடுநடுவே வருகிற பாலம் எல்லாம் சேர்ந்து ஒரு இருசுக்கு இத்தனை டன் என்று ஒரு கணக்கு வைத்திருக்கின்றன. அதற்கு மேல் ஏற்றினால் மன்னிப்புக் கிடையாது.

அன்று நாங்கள் பார்த்த மாதிரி கூட்ஸ் டீசல் என்ஜினுக்கு, டபிள்யூ.டி.ஜி.-4 என்று பெயர், எடை 126 டன். ஆறால் வகுத்தால் இருசுக்கு 21 டன். சாமான் நிரம்பிய ஒரு வாகன் ஏறக்குறைய 81 டன். நாலால் வகுத்தால் இருபதும் சில்லறையும். கிட்டத்தட்ட ஒரே பாரம்! பாட்டியம்மாள் சொன்னது தராசில் வைத்தாற்போல் சரி.

அப்படியானால் நாலு இருசு வைத்த கூட்ஸ் என்ஜினே உலகத்தில் கிடையாதா என்று கேட்பீர்கள். கிடையாதாவது! டீசல் என்ஜின் வம்சமே பெருகியது அந்த நாலு இருசுக்காரர்களால்தான். அமெரிக்காவில் ஆல்கோ என்ற கம்பெனி 1941ல் ஆர்.எஸ்.-1 என்று ஒரு என்ஜினைச் செய்தது. ஆயிரம் குதிரை சக்தி, நாலு இருசு. அதுவரை யார்டில் பெட்டிகளைக் கோக்க ஒரு என்ஜின், ஊருக்கு ஊர் இழுத்துப் போக வேறொரு என்ஜின் என்று இருந்தது. இது இரண்டு வேலையையும் செய்தது. வீட்டில் சமையலும் செய்து, கடைக்கும் போய்வந்து, குழந்தையையும் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு எத்தனை கிராக்கி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அதே வழியில் 1949ல் ஜெனரல் மோட்டார்ஸின் என்ஜின் பிரிவு ஜி.பி.-7 என்ற ஒன்றைக் கொண்டு வந்தது. 1,500 குதிரை சக்தி, நாலு இருசு. அதை உருவாக்கிய டில்வொர்த் என்கிற என்ஜினீயருக்கு அழகைப் பற்றிக் கவலையே இல்லை. முன்னால் நீண்ட மூக்கு, பின்னால் குட்டை மூக்கு, நடுவே ஓட்டுகிறவருக்கு ஒரு கூண்டு. பார்க்கச் சகிக்காது, ஆனால் ஓட்டுகிறவருக்கு இரண்டு பக்கமும் பாதை தெரியும், ரிப்பேர்க்காரருக்குக் கதவைத் திறந்தால் எல்லாம் கைக்கு எட்டும். ஐந்தே வருஷத்தில் இரண்டாயிரத்து எழுநூறு என்ஜின்கள் போல் விற்றுத் தீர்ந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 110 டன். கணக்குப் பாருங்கள்: இருசுக்கு இருபத்தேழு டன்னுக்கு மேல்! அமெரிக்காவின் கனத்த தண்டவாளம் அதைத் தாங்கியது. இருசு குறைந்தால் மோட்டாரும் குறைவு, விலையும் குறைவு, பழுதும் குறைவு. தரை நன்றாயிருக்கிறவனுக்குச் சிக்கனமும் சுலபமாகிவிடுகிறது.

தரை நன்றாயில்லாதவன் கதியும் அந்த நாளிலேயே தெரிந்துபோயிற்று. இரண்டாவது மகா யுத்தத்தில் ரஷ்யாவுக்கு ஈரான் தேசம் வழியாகத் தளவாடங்கள் அனுப்ப வேண்டியிருந்தது. அந்த மலைப் பாதையில் சுரங்கங்கள் அதிகம், தண்ணீர் குறைவு. நீராவி என்ஜின் திணறியது. அமெரிக்க ராணுவம் என்ன செய்தது தெரியுமா? ஆர்.எஸ்.-1 என்ஜின்களில் பதின்மூன்றைப் பிடித்து ஆல்கோவிடமே திருப்பிக் கொடுத்து, நாலு இருசை ஆறாக மாற்றிக் கேட்டது. பாரம் பரவியது, லேசான தண்டவாளம் பிழைத்தது. இந்த உபாயம்தான் பின்னாளில் நம் தஞ்சாவூருக்கும் வந்து சேர்ந்தது.

நம் தஞ்சைத் தண்டவாளத்தின் கதை ஒரு விசித்திரமான கதை. நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூர் வரை 1861லும், திருச்சிவரை 1862லும் ரயில் வந்துவிட்டது. முதலில் போட்டது அகலப் பாதை. 1875ல் அதைக் குறுக்கி மீட்டர் கேஜ் ஆக்கினார்கள். சிக்கனம்தான் காரணம். புடவையைக் கிழித்துப் பாவாடை தைத்த மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். அப்புறம் எல்லாமே அந்த அளவில் வளர்ந்தது. மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டைக்கு 1894ல் ஓடிய பாதையும் மீட்டர் கேஜ்தான். அதைப் போட்டது தஞ்சாவூர் ஜில்லா போர்டு. மிராசுதார்களும் குடியானவர்களும் நிலத்துக்குக் கட்டிய தனி வரிப் பணத்தில்! 1903ல் அது அறந்தாங்கி வரை நீண்டது. நெல் விற்ற காசு ரயிலாகி, அந்த ரயில் மறுபடி நெல்லைச் சுமந்தது.

இந்தப் பாதையில் நாலு மைல் போவதற்குள் ஒரு பாலம். வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, அரசலாறு என்று ஆறுகள். அதைத் தவிர வாய்க்கால்கள் கணக்கில்லை. வண்டல் மண், தோண்டினால் தண்ணீர். காவிரித் தாய் கொடுத்த இந்த மண்ணில் நாற்று நட்டால் சிரிக்கும், ஆனால் கனத்தை வைத்தால் அழும். ஆகையால் நம் பக்கத்து ரயில் லேசாகவே இருந்தது. நீராவி என்ஜினுக்கு மூச்சு விடாமல் தண்ணீர் வேண்டும், நிலக்கரி வேண்டும். தண்ணீருக்குப் பஞ்சமில்லை; நிலக்கரி வெகுதூரத்திலிருந்து வர வேண்டும்.

1960களின் தொடக்கத்தில் அதே ஆல்கோ கம்பெனி, இந்தியாவின் மீட்டர் கேஜுக்கென்று ஒரு டீசல் என்ஜினை அனுப்பி வைத்தது. ஒய்.டி.எம்.-4 என்று நம் ரயில்வேக்காரர்கள் பெயர் வைத்தார்கள். ஒய் என்றால் மீட்டர் கேஜ், டி என்றால் டீசல், எம் என்றால் சாமானும் இழுக்கும், ஆட்களையும் இழுக்கும் என்று பொருள். கடைசியில் இருக்கிற 4 வெறும் வரிசை எண். பெயரில் நாலு இருக்கிறதே என்று காலை எண்ணினால் ஆறு இருசு! மொத்த எடை 72 டன். நாலு இருசு வைத்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் பதினெட்டு டன். நம் பாலங்கள் கண்ணீர் விட்டிருக்கும். ஆறு வைத்ததால் பன்னிரண்டு.

"பாரத்தைக் குறைப்பதற்கு என்ஜினையே லேசாகச் செய்தால் என்ன?" என்று என் வீட்டில் ஒரு கேள்வி பிறந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் ரயில் என்ஜினுக்கு எடை வேண்டும். இரும்புச் சக்கரம் இரும்புத் தண்டவாளத்தின்மேல் உருள்கிறது. அம்மிக் குழவிக்குக் கனம் இல்லாவிட்டால் மிளகாய் அரைபடுமா? அதுபோல், என்ஜின் கனமாக அழுத்தினால்தான் சக்கரம் பிடித்து இழுக்கும். இல்லாவிட்டால் இருந்த இடத்திலேயே சுழலும். மழைத் தூறலில் தண்டவாளம் வழுக்கும்போது சக்கரத்தின் முன்னால் மணலைத் தூவுவதற்கென்று என்ஜினிலேயே மணல் பெட்டி வைத்திருக்கிறார்கள். ஆக எடையும் வேண்டும், அந்த எடை ஓரிடத்தில் குவியவும் கூடாது. ஆறு இருசையும் ஆறு மின் மோட்டார்கள் சுழற்றுகின்றன. அதனால் எழுபத்திரண்டு டன்னில் ஒரு டன்கூட வீணாகாமல் அத்தனையும் இழுப்புக்கு உதவுகிறது.

மின் மோட்டாரா, டீசல் என்றீர்களே என்பீர்கள். அதுதான் வேடிக்கை. டீசல் என்ஜின் சக்கரத்தைத் தொடுவதே இல்லை. அது ஒரு ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. ஜெனரேட்டர் மின்சாரம் கொடுக்கிறது. அந்த மின்சாரத்தில் மோட்டார் ஓடுகிறது. தனக்குத் தேவையான பவர் ஹவுஸைத் தானே முதுகில் தூக்கிக்கொண்டு போகிற கிரைண்டர் என்று சொல்லலாம்.

ஒய்.டி.எம்.-4க்கு வரிசையாக ஆறு சிலிண்டர், ஏறக்குறைய 1,400 குதிரை சக்தி. 1968 முதல் காசியிலுள்ள டீசல் என்ஜின் தொழிற்சாலையிலேயே இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த வருஷமே தாய்க் கம்பெனியான ஆல்கோ என்ஜின் செய்வதை நிறுத்திவிட்டது. அம்மா போன பிறகும் பெண் இருபது வருஷத்துக்கு மேல் குடித்தனம் நடத்தினாள்! நம் பக்கத்தில் பொன்மலை ஷெட்தான் இவற்றின் பிறந்த வீடு மாதிரி. திருச்சி, தஞ்சை, கும்பகோணம், மாயவரம், திருவாரூர் என்று நெல்லும் ஜனங்களும் இவற்றின் பின்னால் போனார்கள். மீட்டர் கேஜ் காலத்தில் பிரயாணம் செய்தவர்களுக்கு அந்த என்ஜின் நின்றபடியே தடதடவென்று முனகுகிற சப்தம் காதில் இருக்கும். கிளம்பும்போது ஒரு குடம் மையைக் கொட்டியதுபோல் கரும்புகை கக்கும். எண்ணெய் முதலில் பாய்ந்துவிடும். அதை எரிக்க வேண்டிய காற்று கொஞ்சம் தாமதித்துத்தான் வேகமெடுக்கும். அந்த இடைவெளிதான் புகை. ஸ்டேஷன் பக்கம் துணி உலர்த்திய அம்மாமார்களுக்கு இந்த விஞ்ஞானம் ஆறுதல் தந்திருக்காது.

இந்த லேசுத்தனத்துக்கு நாம் ஒரு விலையும் கொடுத்தோம். திருச்சிக்கு மேற்கே ஈரோடு, கோயம்புத்தூர் எல்லாம் அகலப் பாதை. டெல்டாவின் மீட்டர் கேஜ் வாகன் அங்கே போக முடியாது. ஆகையால் மூட்டைகளை இந்த வாகனிலிருந்து இறக்கி அந்த வாகனில் ஏற்ற வேண்டும். ஒவ்வொரு மூட்டையிலும் கொக்கி மாட்டும். ஒவ்வொரு கொக்கிக்கும் ஒரு பிடி நெல் தரையில் சிந்தும். கூலி ஒரு பக்கம், தாமதம் ஒரு பக்கம். பாதையை மறுபடி அகலமாக்க வேண்டும் என்று டெல்டாக்காரர்கள் கேட்டதற்கு இதுவும் ஒரு காரணம். 1990களின் கடைசியில் தொடங்கிய மாற்றம் கிளை கிளையாக நடந்தது. விழுப்புரம்–மயிலாடுதுறை 2010ல் அகலமாகித் திறந்தது. திருவாரூர்–காரைக்குடிப் பாதையில் 2012ல் மீட்டர் கேஜ் ஓட்டம் நின்றது. அகலப் பாதையாக அது முழுவதும் மீண்டும் ஓடியது 2019ல். ஏழு வருஷம்! ஒரு குழந்தை பிறந்து பள்ளிக்கூடம் போகும் வயதுவரை அந்த ஊர்க்காரர்கள் ரயிலைக் கண்ணால் பார்க்கவில்லை.

இப்போது அதே வண்டல் மண்ணின்மேல் கரை உயர்த்தி, பாலங்களைப் புதிதாகக் கட்டி, கனத்த தண்டவாளம் போட்டிருக்கிறார்கள். பன்னிரண்டு டன்னுக்குப் பயந்த இடத்தில் இருபது டன்னுக்கு மேல் போகிறது. 2009ல் திறந்த காரைக்கால் துறைமுகத்திலிருந்து நிலக்கரி வண்டிகள் திருவாரூர் வழியாகத் தஞ்சைக்கு வருகின்றன. தலைக்கு மேலே மின்கம்பியும் வந்துவிட்டது. டீசலின் ராஜ்யம் சுருங்கிக்கொண்டு வருகிறது.

ஆனால் நெல் விஷயத்தில் ஒரு முடிச்சு இன்னும் அவிழவில்லை. அதற்காகத்தான் அந்தப் பாட்டியம்மாள் சந்தோஷப்பட்டாள். காலி கூட்ஸைக் கண்டு இத்தனை மகிழ்ச்சி ஏன் என்று அவளைக் கேட்டேன்.

"எட்டு நாளா எங்க நெல்லு கொள்முதல் ஸ்டேசன் வாசல்ல கெடக்கு தம்பி. ஏற்கெனவே வாங்குன மூட்டையே அங்க மலையாட்டம் இருக்கு. அது நகந்தாத்தானே எங்களுத எடைபோடுவான்? பகல்ல காய வெக்கிறோம், ராத்திரி மழ பெய்யுது."

நெல்லில் ஈரம் 17 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால் எடுக்கக் கூடாது என்பது சாதாரண விதி. மழைக் காலத்தில் 22 வரை தளர்த்துங்கள் என்று விவசாயிகள் கேட்பார்கள். மத்தியக் குழு வந்து பார்க்கும். அதற்குள் நெல் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 2025 அக்டோபரில் குறுவை அறுவடையும் மழையும் ஒன்றாக வந்தபோது, கொள்முதல் நிலையங்களில் நெல் நனைந்து முளைவிட்டதைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். தாலியை அடகு வைத்து நட்ட பயிர் மூட்டைக்குள்ளேயே இரண்டாவது தடவை முளைத்தால், அதைப் பார்க்கிறவளுக்கு எப்படி இருக்கும்?

கொள்முதல் நிலையத்திலிருந்து லாரி, லாரியிலிருந்து கூட்ஸ், கூட்ஸிலிருந்து வெளி ஜில்லா அரவை ஆலை. அங்கிருந்து அரிசியாகி ரேஷன் கடைக்கு வந்து உங்கள் பையில் விழுகிறது. இந்தச் சங்கிலியில் எந்த வளையம் நின்றாலும் பாட்டியம்மாள் வாசலில் நெல் நிற்கிறது. நான் பார்த்த வரையில், 126 டன் என்ஜினையும் அதைத் தாங்குகிற பாதையையும் சாதித்துவிட்டோம். நெல்லுக்கு மேல் ஒரு கூரையும், வேண்டிய நாளில் வேண்டிய வாகனும்தான் இன்னும் சாதிக்க முடியாதவையாக இருக்கின்றன. இது எனக்கு விளங்காத கணக்கு.

வாகன் வந்த பிறகும் அவசரம்தான். ஏற்றுவதற்கு இத்தனை மணி நேரம் என்று கெடு உண்டு; தாண்டினால் டெமரேஜ் கட்ட வேண்டும். ஒரு மூட்டை 40 கிலோ. 2,000 டன் ஏற்ற வேண்டுமானால் ஐம்பதாயிரம் மூட்டை. ஐம்பதாயிரமும் மனிதர்கள் தலையிலும் தோளிலும்தான் ஏறுகின்றன. இங்கே இருசுக் கணக்குப் போடுகிறவர் யாரும் இல்லை.

ஒய்.டி.எம்.-4 என்னவாயிற்று என்று கேட்கிறீர்களா? சில கடல் கடந்து போயின. மலேயாவின் ரயில்வேயிலும், பர்மாவிலும் இவை ஓடின. அங்கேயிருக்கும் நம் உறவுக்காரர்கள் தஞ்சாவூர்ப் புகையை மறுபடி முகர்ந்திருப்பார்கள். பல பழைய இரும்பாயின. நம் ராஜ்யத்தில் இன்றைக்கும் அந்த என்ஜின் ஓடிப் பார்க்க வேண்டுமானால் நீலகிரிக்குப் போக வேண்டும். குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மலை ரயிலைத் தள்ளிக்கொண்டு போகிறது அது. கோடை விடுமுறைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டு ஒரு பக்கச் சக்கரத்தை எண்ணச் சொல்லுங்கள்.

கேட் விஷயத்தை முடித்துவிடுகிறேன். பிள்ளை கடைசி வாகன் வரை எண்ணி, "நாப்பத்திரண்டு!" என்று கத்தினான். கேட்காரர் கட்டையைத் தூக்கினார். லாரிகள் முன்னால் ஊர்ந்தன. பாட்டியம்மாள் இரண்டாவது ஸ்டாப்பிலேயே இறங்கிவிட்டாள். இறங்கும்போது வானத்தை ஒரு தரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, "எங்களுது அறுவத்தி மூணு மூட்டதான் தம்பி" என்றாள்.